காற்று போகும் பக்கம்

ஆனி பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று வைத்ததுதான் சட்டம். மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, பாரம் இறங்கிய தெம்பில் கணவாய்கள் வழியாக இந்தப் பக்கம் பாயும். தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து நிற்கின்றன. டீக்கடைக்காரர் மேற்குப் பக்கத்துக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார். பேருந்தில் யாரும் ஜன்னல் கண்ணாடியை முழுதாகத் திறப்பதில்லை. ஊர்க்காரர்கள் இதை மேகாத்து என்கிறார்கள். ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளுக்குச் சோறு போடுவதும் இதுதான்.

பெட்ரோ கெமிக்கல் ஆலைகளின் காற்று மாசைப் பற்றி எழுத நினைப்பவன் வரவேண்டிய ஊர் இதுவல்ல. இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஓர் ஆலை கிடையாது. நெல், தென்னை, வாழை, திராட்சை, மலைமேல் ஏலக்காய், அவ்வளவுதான். ஆனாலும் வந்தேன். காரணம், கூட வந்த அண்ணன். உத்தமபாளையத்துக்காரர். வடசென்னையில் ஓர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆலையின் பெயர் வேண்டாம் என்றார். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பற்றி நான் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்ததும், “காத்தப் பத்தி எழுதுறேங்கிற. எங்க ஊர்க் காத்தப் பாக்காம என்னத்த எழுதப் போற? கிளம்பு தம்பி” என்றார்.

அவருடைய வேலை கசிவு பிடிப்பது. ஆலைக்குள் குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்கள், வால்வுகள், பம்புகள் என ஒவ்வொன்றாகப் போய் மோப்பக் கருவியின் முனையை நீட்டி, கண்ணுக்குத் தெரியாத வாயு எங்கேயாவது ஒழுகுகிறதா என்று அளப்பது. கருவியில் எண் ஏறினால் அந்த வால்வில் ஒரு டேக்கைக் கட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவது.

“எல்லாரும் புகைபோக்கியைப் பாத்துத்தான் பயப்படுவாய்ங்க. நான் புகைபோக்கிக்கு முதுகைக் காட்டிக்கிட்டேதான் காலம் பூராவும் வேலை பாத்தேன்” என்றார், வீரபாண்டியில் முல்லையாற்றுப் பாலத்தைப் பேருந்து தாண்டும்போது.

அவர் சொன்னதன் பொருளை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் ஆலைக்குள் போகவேண்டும். கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், தூசு இவையெல்லாம் பெரும்பாலும் புகைபோக்கி வழியாக வருபவை. ஒரே வாய், உயரத்தில் இருக்கிறது, ஒரு கருவியைப் பொருத்தினால் அளந்துவிடலாம். பென்சீன், வினைல் குளோரைடு போன்ற ஆவியாகும் கரிமப் பொருட்கள் அப்படியல்ல. அவற்றுக்கு ஆயிரம் வாய்கள். வால்வின் தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங் தேய்ந்தால் அங்கே. இரண்டு குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சின் நடுவிலுள்ள கேஸ்கட் நைந்தால் அங்கே. பம்பின் சீல், தொட்டியின் மிதக்கும் கூரையின் ஓரம், கழிவுநீர் வாய்க்கால். ஒவ்வொரு வாயிலும் சொற்பம்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், ஒரு சராசரி சுத்திகரிப்பு ஆலையோ ரசாயன ஆலையோ இப்படி ஒழுகியே ஆண்டுக்கு 600 முதல் 700 டன் வரை காற்றில் விடக்கூடும் என்கிறது. இது புகையாக எழும்பாது, நிறம் கிடையாது. தரையை ஒட்டியே நகர்ந்து வேலியைத் தாண்டும்.

“அடைக்கிறது பெரிய வித்தையா?” என்று கேட்டேன்.

“பாதிக்குப் பாதி ஸ்பேனர் வேலைதான். பேக்கிங் நட்டை ஒரு திருகு திருகினா நிக்கும். நிக்காட்டி ஆலையை நிறுத்துற ஷட்டவுன் வரைக்கும் காத்திருக்கணும். அதுதான் வினை. ஷட்டவுன் எப்ப வரும்னு மேல இருக்குறவனுக்குத்தான் தெரியும்.”

வளர்ந்த நாடுகளின் விதிகளில் இதற்குக் கெடு உண்டு. கசிவு தெரிந்த 5 நாளுக்குள் முதல் முயற்சி, 15 நாளுக்குள் சரிசெய்தாக வேண்டும் என்பது அமெரிக்க விதி. நம் நாட்டிலும் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2008இலும், பெட்ரோ கெமிக்கல் ஆலைகளுக்கு 2012இலும் வந்த விதிகள் கசிவைத் தேடிப் பிடித்து அடைப்பதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சீல் இல்லாத பம்பு, இரட்டை சீல் போட்ட மிதவைக் கூரை, ஆவியைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு என்று கருவிகளுக்கும் குறைவில்லை. விதி இருக்கிறது, கருவி இருக்கிறது. அளப்பது யார் என்பதில்தான் கதை சிக்குகிறது.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று 1999இல் வந்தது. அதே அமெரிக்க முகமை 17 சுத்திகரிப்பு ஆலைகளில் வால்வுகளைத் தானே போய் அளந்து பார்த்தது. ஆலைகள் தங்கள் வால்வுகளில் சராசரியாக 1.3 சதவீதம்தான் கசிகின்றன என்று எழுதிக் கொடுத்திருந்தன. அரசு ஆட்கள் அளந்தபோது 5 சதவீதம். கருவியில் பெரிய வேறுபாடு கிடையாது. கருவியைப் பிடித்த கைதான் வேறு.

இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்தார். சின்னமனூர் வந்திருந்தது, பேருந்து நின்றதும் முறுக்கும் சீனிச்சேவும் ஏறின. ஒரு பொட்டலம் வாங்கி என்னிடம் நீட்டிவிட்டு, “முனையை வால்வுல வச்சு, சுத்தி வரக் காட்டி, எண்ணு நிக்கிறவரைக்கும் பொறுக்கணும். ஒரு நாளைக்கு இத்தனை வால்வுன்னு காண்ட்ராக்டு கணக்குப் போட்டா எவன் பொறுப்பான்? நடந்துகிட்டே காட்டிட்டுப் போவான். மேகாத்து மாதிரிக் காத்து அடிச்சா, முனைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாயு பறந்துரும். எழுதுறது பூச்சியம்” என்றார்.

உத்தமபாளையம் தாண்டியதும் திராட்சைப் பந்தல்கள் தொடங்குகின்றன. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்ட தோட்டங்கள். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருத்த, வாசமுள்ள, விதையுள்ள பழம். விதையில்லாததே நல்லது என்று நகரத்தில் யாரோ கிளப்பிவிட்டது எனக்கு உடன்பாடில்லை.

சுருளிப்பட்டிப் பக்கம் அண்ணனின் மைத்துனருக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. நாங்கள் போனபோது சொட்டுநீர்க் குழாய்க்குப் புது இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிற பிவிசி குழாய், அதன் வாயில் பூசிய சொல்யூஷனின் சுள்ளென்ற நெடி. பந்தலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன். குழாய், கறுப்பு டியூப், உரச்சாக்கு, பழம் போடும் கிரேட், நிழல்வலை, மருந்து டப்பா, தண்ணீர் பாட்டில். கல்லும் கம்பியும் கொடியும் போக மிச்சம் எல்லாம் ஏதோவொரு ஆலையில் எண்ணெயிலிருந்தும் வாயுவிலிருந்தும் பிறந்தவை. பள்ளத்தாக்கில் ஆலை இல்லைதான். அதன் விளைச்சல் ஏக்கர் ஏக்கராகக் கிடக்கிறது.

பிவிசி குழாயின் மூலப்பொருளைத் தமிழ்நாட்டில் கெம்பிளாஸ்ட் சன்மார் நிறுவனம் மேட்டூரில் 1967 முதல் தயாரிக்கிறது. கடலூரில் 2009இல் இன்னொரு ஆலை வந்தது. கடலூருக்கு வினைல் குளோரைடு கப்பலில் வருகிறது. அந்த வாயு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக அளவில் உறுதி செய்யப்பட்ட பொருள். குழாயாக ஆன பிறகு அது சாது. ஆகிற வரைக்கும்தான் பயம். அந்தப் பயத்தின் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பது குழாய் வாங்குகிறவருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லாதபடி நாடு அமைந்திருக்கிறது.

“எங்க மச்சான் மருந்தடிக்கிறதைக் கேளு” என்றார் அண்ணன்.

மைத்துனர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “விடியக்காலத்துலதாண்ணே அடிக்கணும். ஏழு மணிக்கு மேல மேகாத்து கிளம்பிருச்சுன்னா நம்ம மருந்து அடுத்தவன் தோட்டத்துக்குப் போயிரும். அங்கிட்டு வீடு இருக்கு, புள்ளைக இருக்கு. காத்து அங்கிட்டுப் போகுதுன்னா அன்னைக்கு டப்பாவை எடுக்கவே மாட்டேன். அடிச்சா மறுநாள் சண்டைக்கு வந்துருவாய்ங்க.”

அவர் அறிந்தோ அறியாமலோ காற்று மாசுக் கண்காணிப்பின் பாலபாடத்தைச் சொல்லிவிட்டார். காற்று எந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், அவர்கள் வந்து கேட்க முடியுமா.

கடலூரில் நான் பார்த்தவர்கள் அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவில் 1980களில் எழுந்தது சிப்காட் வளாகம். மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், பெயின்ட், பிளாஸ்டிக் மூலப்பொருள் என்று பலவகை ஆலைகள். அவற்றுக்கு நடுவிலும் ஓரத்திலும் ஈச்சங்காடு, செம்மங்குப்பம், குடிகாடு, சங்கொலிக்குப்பம் என்று கிராமங்கள். ராத்திரியானால் நாற்றம் வருகிறது, கண் எரிகிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நாற்றத்துக்கு எண் கிடையாது. எண் இல்லாத புகாரை எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பில் போடுவது?

எண்ணை அவர்களே கண்டுபிடித்தார்கள். அதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி உதவியது. கலிபோர்னியாவில் 1990களின் நடுவில், ஒரு சுத்திகரிப்பு ஆலையின் பக்கத்து ஊர்க்காரர்களுக்காக உருவான கருவி அது. மூடி போட்ட வாளிக்குள் டெட்லர் என்னும், வாயுவோடு ஒட்டாத பொருளில் செய்த பை. சிறு மோட்டாரால் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால், வெளிக்காற்று வால்வு வழியாகப் பைக்குள் தானாகப் புகுந்து பை உப்பும். வால்வை மூடி, இரண்டு மூன்று நாளுக்குள் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவேண்டும். 2004இல் சிப்காட் கிராமத்து மக்கள் பயிற்சி எடுத்து, நாற்றம் அடிக்கிற நேரத்திலேயே ஓடிப்போய்ப் பைகளை நிரப்பினார்கள். 5 மாதிரிகள் கலிபோர்னியாவுக்குப் பறந்தன. முடிவில் 22 நச்சு வேதிப்பொருட்கள். அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அந்த செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு கடலூருக்கே வந்தது.

இந்த வாளியை விஞ்ஞானிகள் சிலர் ஏளனம் செய்ததுண்டு. சில நிமிடத்து மாதிரியை வைத்து ஓர் ஆண்டைப் பற்றிப் பேச முடியாது என்பது அவர்கள் வாதம், அது சரியும்கூட. ஆனால் வாளியின் வேலை ஆண்டுச் சராசரி சொல்வதல்ல. அளக்க வேண்டியவர் அளக்காத பொருள்களின் பெயர்ப் பட்டியலை மேசைமேல் வைப்பது. நம் தேசியக் காற்றுத் தர அளவுகோலில் பென்சீன் முதன்முதலாக இடம்பெற்றதே 2009 நவம்பரில்தான்: ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்தப் பட்டியலில் மொத்தம் 12 பொருள்கள். கடலூர்ப் பைகளில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் அதில் இடம் இல்லை. அதே 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில் வளாகங்களுக்கு மாசு மதிப்பெண் போட்டது. 70ஐத் தாண்டினால் கடும் மாசு. கடலூருக்கு 77.45, வடசென்னையின் மணலிக்கு 76.32. பள்ளிக்கூடத்தில் வாங்கியிருந்தால் பாராட்டலாம்.

ஏன் ராத்திரியில் மட்டும் நாற்றம்? ஆலைக்காரர்கள் இருட்டில் திறந்துவிடுகிறார்கள் என்பது ஊர்ச் சந்தேகம். அப்படியும் இருக்கலாம். இன்னொரு காரணம் சுருளிப்பட்டியில் மறுநாள் விடியலில் கண்ணெதிரே கிடந்தது. காற்று இன்னும் கிளம்பவில்லை. யாரோ தென்னைமட்டையைக் கொளுத்தியிருந்தார்கள். புகை ஒரு பனை உயரம் எழுந்து, அதற்குமேல் போகாமல், தோட்டங்களின் மேலே தட்டையாகப் பரவிக் கிடந்தது. இரவில் தரை குளிர்ந்துபோகும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். அதன்மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். மலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் இது இன்னும் அழுத்தமாக நடக்கும். மைத்துனர் மருந்தடிக்க அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது காற்று கிளம்பாததால்தான்: மருந்து பறக்காமல் இலையிலேயே நிற்கும். ஈச்சங்காட்டில் அதே நேரத்தில் ஆலைக் கசிவும் பறக்காமல் வீடுகளிலேயே நிற்கும். பகலில் அலுவலக நேரத்தில் வந்து அளந்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதுகிற அதிகாரி பொய் சொல்லவில்லை. தூங்கும் நேரத்துக் காற்றை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது இருபத்துநான்கு மணி நேரமும் அளக்கும் கருவிகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். வந்திருக்கின்றன. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்தி, வாரியத்தின் கணினிக்கு நேரடியாக எண்களை அனுப்பவேண்டும் என்று 2014 பிப்ரவரியில் மத்திய வாரியம் உத்தரவிட்டது. பெட்ரோ கெமிக்கல் அதில் ஒன்று. நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கருவிகள் பெரிதும் உட்கார்ந்திருப்பது புகைபோக்கியில். அண்ணன் முதுகைக் காட்டிய அதே புகைபோக்கி.

கம்பத்தில் சாப்பிட்டுவிட்டு மைத்துனர் வண்டியில் கூடலூர் வழியாக லோயர் கேம்ப் போனோம். மலைச்சரிவில் நான்கு பெரிய குழாய்கள் இறங்கி வருவதைக் கீழேயிருந்தே பார்க்கலாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கத்தைக் கடந்து, அந்தக் குழாய்களில் விழுந்து, மின்சாரம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போகிறது. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை; அவருக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. மாலையும் கற்பூரமும் தப்புவதில்லை.

அங்கே ஒரு டீக்கடையில் நாளிதழ் கிடந்தது. அண்ணன் எடுத்து முதலில் தேடியது அணையின் நீர்மட்டத்தை. தேனி மாவட்டத்தில் பலரும் அப்படித்தான். உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்து, மேற்பார்வைக்கு ஒரு குழுவும் அமைத்த பிறகு, அந்த எண் இங்கே பஞ்சாங்கத்துக்குச் சமம். அந்தக் குழுவின் துணைக்குழு அணைக்குப் போகும்போதெல்லாம் செய்தியில் இன்னொரு எண்ணும் வரும்: கசிவு நீர், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்.

அதைச் சுட்டிக்காட்டியது மைத்துனர்தான். வண்டியை நிறுத்திவிட்டு வந்து, எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “கசிவை இங்க அளக்குறாய்ங்கள்ல?” என்றார்.

அளக்கிறார்கள். அதுவும் எப்படி? துணைக்குழுவோடு தமிழ்நாட்டுப் பொறியாளரும் கேரளப் பொறியாளரும் அணைக்கு வருவார்கள். அணைக்குள் இருக்கும் காலரியில் கசிந்து வரும் தண்ணீரை ஒருவர் முன்னிலையில் மற்றவர் அளப்பார். ஒருவர் கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுவார், மற்றவர் குறைவாகச் சொல்ல ஆசைப்படுவார். இரண்டு ஆசைகளும் ஒன்றையொன்று காவல் காப்பதால் எண் நேராக வருகிறது. பிறகு அந்த எண் மறுநாள் டீக்கடைக்கு வந்துவிடுகிறது. இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் இவ்வளவு சண்டையிருந்தும், ஒரு லிட்டர் கசிவைக்கூட ஒருவர் மட்டும் அளந்து சொன்னால் போதும் என்று எவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பென்சீன் கசிவை மட்டும், கசியவிடுகிறவரே அளந்து, கசியவிடுகிறவரே எழுதி, வாரியத்துக்கு அனுப்பினால் போதும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

“ஊர்க்காரனையும் உள்ள கூட்டிட்டுப் போய் அளக்க வேண்டியதுதான?” என்றார் மைத்துனர்.

“உள்ள விட மாட்டாய்ங்க மச்சான். விடவும் கூடாது” என்றார் அண்ணன். “ஹைட்ரோகார்பன் இருக்குற இடத்துல சாதாரண செல்போனு, டார்ச்சு எதுவும் ஆகாது. பொறி பட்டாப் போதும். பயிற்சி இல்லாத ஆளு அங்க நிக்கிறது அவனுக்கே ஆபத்து.”

அவர் சொல்வது நியாயம். 2021 மே 13 அன்று கடலூர் சிப்காட்டில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த வெடிப்பில் 4 பேர் இறந்தார்கள். உள்ளே போவது விளையாட்டல்ல.

உள்ளே போகாமலே அளக்க வழி உண்டு என்றேன். அமெரிக்காவில் 2015இல் வந்த விதி ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலையின் வேலியைச் சுற்றிலும் விரல் நீளக் குழல்களைத் தொங்கவிடச் சொல்கிறது. மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். குழலுக்குள் இருக்கும் பொடி தானாகவே பென்சீனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுப் புதியதை மாட்டவேண்டும். இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: வேலியில் கிடைத்த மிக அதிக அளவிலிருந்து மிகக் குறைந்த அளவைக் கழிக்கிறார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும், ஆலைக்குள் நுழையும்போது இருந்தது எவ்வளவு, வெளியேறும்போது எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும். இது ரோட்டில் போகிற லாரியின் புகை என்று கைகாட்ட முடியாது. அந்த வித்தியாசத்தின் ஆண்டுச் சராசரி 9 மைக்ரோகிராமைத் தாண்டினால், எந்த வால்வு, எந்தத் தொட்டி என்று தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்தாக வேண்டும். எண்கள் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் வெளியாகும்.

அண்ணன் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“குழலை வேலிக்கு உள்பக்கம் மாட்டுறானா, வெளிப்பக்கமா?”

“அங்கே ஆலைதான் மாட்டுது. எல்லை ஓரமா, உள்ளே.”

“அப்ப அதுவும் என்னை மாதிரி ஆளுதான். நம்மூர்லனா ரெண்டா மாட்டணும். உள்ள அவன் ஒண்ணு, வெளிய ஊர்க்காரன் ஒண்ணு. ஒரே நாள்ல மாட்டி, ஒரே நாள்ல கழட்டி, வேற வேற லேபுக்கு அனுப்பணும். ரெண்டு எண்ணும் ஒத்துப்போனா சண்டை இல்ல.”

“ஒத்துப்போகலைன்னா?” என்றார் மைத்துனர்.

“ஒத்துப்போகாட்டி என்னை மாதிரி ஒருத்தனை டேக்கும் ஸ்பேனரும் கொடுத்து உள்ள அனுப்பு. ஒரு நாளைக்கு இத்தனை வால்வுன்னு மட்டும் சொல்லாத.”